வேலியைக் கடக்கும் முறை

மகேந்திரராஜா தன் நாற்பத்தாறாவது வயதில்தான் முதன்முதலாக ஒரு துவக்கைக் கையில் தொட்டார். அதுவரை துவக்கு என்பது அவருக்கு ஒரு முனை மட்டுமே உள்ள பொருள். அந்த முனை எப்போதும் அவரை நோக்கியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் மூன்று விதமான சீருடைக்காரர்களின் கையில் அதைக் கண்டிருக்கிறார். அதற்கு மறுபக்கம் ஒரு மரக்கட்டை உண்டு, அது தோளில் பொருந்தி உட்காரும், அதற்கு எண்ணெய் தடவ வேண்டும் என்பதையெல்லாம் மெல்பேர்னுக்கு வந்து பதினெட்டு வருடம் கழித்துத்தான் அறிந்துகொண்டார்.

லாவர்ட்டனில் ஒரு குளிரூட்டிக் களஞ்சியத்தில் அவருக்கு வேலை. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது. பத்து வருடம் கூட வேலை செய்த கெவின்தான் காடை வேட்டைக்குக் கூப்பிட்டவன். பலராட்டுக்கு மேற்கே கெவினின் மச்சானுக்குக் கோதுமை நிலம் இருந்தது. ஏப்ரல் தொடங்கி ஜூன் முடியும்வரை, அறுவடை முடிந்து நிற்கும் கோதுமைத் தாளுக்குள் காடை சுடலாம். மகேந்திரராஜா இரண்டு வருடம் சிரித்து மழுப்பினார். பிறகு 2009 மே மாதம், ஊரில் எல்லாம் முடிந்துபோன அந்த மாதத்தின் கடைசிக் கிழமையில், ஒருவரிடமும் சொல்லாமல் லைசன்சுக்கு விண்ணப்பித்தார். ஏன் அந்த மாதம் என்று மனைவி நிரஞ்சினி பிற்பாடு கேட்டாள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மறைத்தார் என்றில்லை, அவருக்கே தெரியாது.

"அங்க துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன், இங்க கடையில போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று நிரஞ்சினி வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை.

அவர் நல்ல வேட்டைக்காரர் அல்ல. மூன்று பருவத்தில் சுமாரான வேட்டைக்காரர் ஆனார், அவ்வளவுதான். காடை வேட்டையின் கஷ்டம் தூரத்தில் இல்லை, கிட்டத்தில் இருக்கிறது. அந்தப் பறவை ஓடாது. தாளுக்குள் ஒட்டிப் படுத்திருக்கும். கால் அதன்மேல் படப்போகும் கடைசி நொடியில், மூட்டைக்குள் இருந்து வெடித்த மாதிரி சிறகடித்துக் கிளம்பும். நெஞ்சு திடுக்கிடும். திடுக்கிட்ட கையோடு விசையை இழுத்தால், பத்தடிக்குள் தோட்டாவின் ஈயச் சன்னங்கள் விரிவதற்கு நேரமில்லை. அத்தனையும் ஒரு கைப்பிடி அளவில் போய்ப் பறவையைக் கிழித்துவிடும். பிறகு அதில் தின்ன எதுவும் இருக்காது. அதனால் விட வேண்டும். பறவை இருபது இருபத்தைந்து எட்டு வைக்கும் தூரம் போகும்வரை துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். கெவின் இதை ஒரே சொல்லில் சொல்லிக்கொடுத்தான்: "வெயிட்." மகேந்திரராஜா மனதுக்குள் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணுவார். எண்ணி முடித்தால் பாதி நாளாவது பறவை விழும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆயுத பூசைக்கு அந்தத் துவக்குக்கும் சந்தனம் வைப்பார். சுவாமி அறைக்குள் அதைக் கொண்டுவர நிரஞ்சினி விடமாட்டாள். ஆகவே கராஜில், ஸ்பானர்களுக்கும் துளை போடும் மெசினுக்கும் பக்கத்தில், பலகையின்மேல் அதற்கு ஒரு பொட்டு. அப்பா தச்சு வேலைக்காரர். உளி காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் மகேந்திரராஜா வளர்ந்தார். தொழில் செய்கிற எந்தச் சாமானையும் அவர் நிலத்தில் போட்டுத் தாண்டியது கிடையாது. இது பெருமையாகச் சொல்லும் விஷயமல்ல. கை தானாகச் செய்வது. இந்தக் கதையில் நடந்த பிழைக்கும் அந்தக் கைதான் காரணம்.

இரத்தினசிங்கம் அந்த வீட்டுக்கு வரத் தொடங்கியது 2012 ஜனவரியில். நாற்பத்திநாலு வயது. முல்லைத்தீவுப் பக்கம். 2010இல் படகில் வந்து, தீவுத் தடுப்பு முகாமிலும் பிறகு வேறொரு முகாமிலும் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். வெரிபியில் இன்னும் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். முதல் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மீளாய்வு விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. சன்ஷைன் முருகன் கோயிலில் அன்னதானத்துக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவரை நிரஞ்சினிதான் கதைத்துப் பிடித்தாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் பொயிண்ட் குக்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். சாப்பிட்ட கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோய்த் தானே கழுவுவார். ஊரில் உழவு மெசின் ஓட்டியதாகவும், கடைசிக் கட்டத்தில் காயப்பட்ட சனத்தை அதன் பெட்டியில் ஏற்றி இறக்கியதாகவும் சொல்லியிருந்தார். இயக்கத்தில் இருந்ததில்லை, ஆயுதம் தொட்டதில்லை என்பது அவருடைய வாக்குமூலம். விசாரணை முழுவதும் அந்த ஒன்றின்மேல்தான் நின்றது.

லோயர் ஒரு கடிதம் கேட்டிருந்தார். இந்த நாட்டுக் குடிமகன் ஒருவர், இரத்தினசிங்கத்தை அறிந்தவர், அவரைப் பற்றி எழுதித் தர வேண்டும். மகேந்திரராஜா சந்தோசமாக ஒத்துக்கொண்டார். எழுதியும் வைத்தார். ஒரு பக்கம். மூன்றாவது பந்தியில் இப்படி இருந்தது: "இவர் ஒருபோதும் ஆயுதம் ஏந்தியவர் அல்ல என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்." அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதும் வேகத்தில் வந்த வரி அது. ஒருவருக்காகப் பேசும்போது நமக்குத் தெரிந்ததைவிட ஒரு எட்டு அதிகமாகப் போய்விடுகிறோம். அது அன்பு என்றுதான் அப்போது தோன்றுகிறது. புதன்கிழமை கடிதம் லோயரிடம் போக வேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை காடைக்குப் போக இருந்தது. நாலு சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், ஒரு நாள் வெளிக்காற்று படட்டும் என்று மகேந்திரராஜா அவரையும் கூட்டிப்போனார்.

மே மாதக் கடைசி. புல் நுனியெல்லாம் வெள்ளைப் பனி. கெவினும் அவனுடைய நாயும் இடது பக்கம் நாற்பது எட்டுத் தள்ளி. வலது பக்கம் மகேந்திரராஜா. அவருக்கு ஒரு எட்டுப் பின்னால், கையைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டபடி, இரத்தினசிங்கம்.

"காடையை அவிச்சுப் பொரிக்கிறதோ அண்ணை, குழம்போ?"

"கொக்காவைக் கேளும். எனக்குச் சுடத்தான் தெரியும்."

"அதுவும் பாதிதான் எண்டு அக்கா சொன்னவ."

"அவ அப்பிடித்தான் சொல்லுவா. நீர் காலைப் பாத்து வையும், எலி வளை கிடக்கு."

முதல் காடை கெவின் பக்கம் கிளம்பியது. வெடிச்சத்தம் உறைந்த நிலத்தின் மேலாக உருண்டு வந்தது. மகேந்திரராஜா திரும்பிப் பார்த்தார். தான் முதன்முதல் வந்த நாளில் இதே நிலத்தில் அந்தச் சத்தத்துக்குக் குந்தியதும், கெவின் மரியாதையாக வேறு பக்கம் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இரத்தினசிங்கத்துக்கு ஒரு கை கொடுக்கவேண்டி வரும் என்று எண்ணித்தான் திரும்பினார். அவர் நின்ற இடத்தில் நின்றார். கண்கூட மூடவில்லை. முகத்தை மட்டும் சத்தம் வந்த திசைக்குத் திருப்பி, பறவை விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வன்னியில் கடைசி மாதங்களை இருந்து பார்த்தவனுக்கு இது ஒரு சத்தமா என்று மகேந்திரராஜா தனக்குள் சொல்லிக்கொண்டார். அது நியாயமான விளக்கம்தான்.

ஒன்பது மணியளவில் முட்கம்பி வேலி வந்தது. வேலியைக் கடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. லைசன்ஸ் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். துவக்கை நடுவில் மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்து, பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிட்டுக் கடக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவனுக்கு லைசன்ஸ் இல்லையென்றால் நிலத்தில் வைத்து, வேலிக்கு அடியால் தள்ளி, தள்ளிப்போய்க் கடந்து வந்து எடுக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாதவன் கையில் ஒரு நிமிடம் துவக்கு இருந்தாலும் அது குற்றம். விசாவுக்குக் காத்திருப்பவன் என்றால் அது இன்னும் எங்கெங்கோ கொண்டுபோய் விடும். இதெல்லாம் மகேந்திரராஜாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் சேறும் ஆட்டுப் புழுக்கையுமாய்க் கிடந்த அந்த நிலத்தில் துவக்கைப் போட்டு வேலிக்கு அடியால் தள்ள அவருடைய கை சம்மதிக்கவில்லை. தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். திறந்த துவக்கை நீட்டினார்.

"இதை ஒருக்காப் பிடியும்."

இரத்தினசிங்கம் வாங்கினார். வாங்கியவுடன் இரண்டு குழலுக்குள்ளும் பார்த்தார். குழல் வாயை மகேந்திரராஜாவின் பக்கமிருந்து விலக்கி நிலத்தை நோக்கித் திருப்பினார். முழங்கை மடிப்பில் அதைச் சாய்த்தார். வலது கையின் சுட்டுவிரல் விசைக்குப் போகவில்லை; விசைக்கு வெளியே, இரும்பின்மேல் நேராக நீண்டு படுத்தது.

அந்த விரலை அப்படி வைக்க மகேந்திரராஜாவுக்கு மூன்று மாதம் எடுத்தது. வகுப்பில் எத்தனையோ தரம் திட்டு வாங்கியிருக்கிறார். இங்கே அது, ஒரு கதிரையில் உட்காருகிற மாதிரி, யோசனையில்லாமல் நடந்தது. வேலிக்கம்பியில் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக இருந்தபடி அவர் அந்த விரலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது, தன்னை இரத்தினசிங்கம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

கெவின் விசிலடித்தான். நடந்து வந்தான். கோபமில்லை.

"மேட், அடுத்தமுறை நிலத்தில வை. இவருக்கு லைசன்ஸ் இல்லைத்தானே. யாராவது ரோட்டிலிருந்து பார்த்தால் உனக்கும் கரைச்சல், அவருக்கும் கரைச்சல்." பிறகு, நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னான்: "ஆனால் நல்ல கை. முன்னம் பிடித்திருக்கிறார்."

அது ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. இரத்தினசிங்கத்துக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

துவக்கு திரும்பக் கைக்கு வந்தது. மரக்கட்டையில் இன்னொரு மனிதனின் சூடு இருந்தது. தோட்டாவைத் திரும்பப் போட்டு மூடி, இருபது எட்டு நடந்திருக்கமாட்டார், காலடியில் ஒரு காடை கிளம்பியது. மகேந்திரராஜா எண்ணவில்லை. ஒண்டும் இல்லை, ரெண்டும் இல்லை. தோளில் வைத்ததும் தெரியாது, இழுத்ததும் தெரியாது. எட்டடி உயரத்தில் பறவை இறகுப் புழுதியாகிப் போனது. நாய் போய் மணந்து பார்த்துவிட்டு, எடுக்காமல் திரும்பி வந்தது. மகேந்திரராஜா சப்பாத்துக் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம், கேட்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டே ஓட்டினார். வன்னியில் பன்றி சுடுகிறவர்களிடம் இடியன் என்ற நாட்டுத் துவக்கு இருந்தது. அப்படி எங்கேயாவது பிடித்திருக்கலாம். கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவரை இயக்கத்துக்குக் கட்டாயமாக இழுத்துப் போனார்கள், அப்படியும் இருக்கலாம். அதற்கு முதலே, தானாகவே, பல வருடம் இருந்திருக்கலாம். ஒரு விரலை வைத்து ஒரு வாழ்க்கையை எப்படிச் சொல்வது? ஆனால் அந்த விரலை இனிமேல் பார்க்காமலும் இருக்க முடியாது. பக்கத்து ஆசனத்தில் இரத்தினசிங்கம் மடியில் பறவைப் பையை வைத்து, சூடு ஆறமுதல் இறகு பிடுங்கினால் தோல் கிழியாது என்று சொல்லிக்கொண்டு வந்தார். வழக்கத்தைவிட அதிகம் பேசினார். இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் நிரஞ்சினி காடைக் குழம்பு வைத்தாள். இரத்தினசிங்கம் வழக்கம்போல வந்து சாப்பிட்டார். ஒரு சன்னம் பல்லில் பட்டது. எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்தார். அது சின்னதாக ஒரு சத்தம் போட்டது.

அவர் போன பிறகு குசினியில் நிரஞ்சினி கேட்டாள். "இஞ்சாருங்கோ, என்ன ரெண்டு பேரும் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தனீங்கள்?"

அவர் வேலியடியில் நடந்ததைச் சொன்னார்.

"அதுக்கு?"

"கடிதத்தில நான் எழுதியிருக்கிறதை நீர் வாசிச்சனீர்தானே."

"வாசிச்சனான். அப்ப அந்தாளிட்டக் கேளுங்கோவன்."

"கேட்டுச் சொல்லிப்போட்டார் எண்டால்? பிறகு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு அப்பிடி எழுத ஏலாது."

"கேக்காமல் எழுதினால் உண்மை, கேட்டுப்போட்டு எழுதினால் பொய். அப்பிடியோ?"

"தெரியாததை எழுதுறது பொய் இல்லை, நிரஞ்சி."

"நீங்கள் தெரியும் எண்டெல்லோ எழுதியிருக்கிறியள். உறுதியாச் சொல்லுறன் எண்டு." அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "சனிக்கிழமைக்கு முன்னமும் உங்களுக்குத் தெரியாது. அதையும் யோசியுங்கோ."

அவள் சொன்னதில் சரியான பகுதி எரிச்சலூட்டியது. அவர் கராஜுக்குப் போய், ஏற்கெனவே துடைத்திருந்த துவக்கை எடுத்துத் திரும்பத் துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வர, இரத்தினசிங்கம் வாசலில் சைக்கிளோடு நின்றார். கடிதத்தை வாங்கிப்போக வந்திருந்தார். நிரஞ்சினி வேலையால் இன்னும் வரவில்லை. மகேந்திரராஜாவே தேத்தண்ணி போட்டார். சாப்பாட்டு மேசையில் கடிதத்தை வைத்து, வழக்கமாகச் செய்வதுபோல, ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். தான் யார், என்ன வேலை, எத்தனை வருடம் இந்த நாட்டில். இரத்தினசிங்கத்தை எப்படித் தெரியும், அவர் குணம் எப்படி. மூன்றாவது பந்திக்கு வந்தார். வாசிக்கத் தொடங்கி, தேத்தண்ணியைக் குடித்தார். குடித்துவிட்டு அடுத்த பந்திக்குப் போனார்.

"அண்ணை, நடுவில ஒண்டை விட்டிட்டியள்."

"ஓம்."

"எனக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். ஆயுதத்தைப் பற்றித்தானே."

"ஓம்."

"அதை வெட்டுங்கோ."

மகேந்திரராஜா அவரைப் பார்த்தார். "லோயர் என்ன சொல்லுவார்? அதுதானே முக்கியமான இடம்."

"லோயருக்கு நான் சொன்னது இருக்கு. அது என்ர பாரம். நீங்கள் கண்டதை எழுதுங்கோ. காணாததை ஏன் தூக்குறியள்?" இரத்தினசிங்கம் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "அண்டைக்கு வேலியடியில என்ர கையைப் பாத்தனீங்கள். அதுக்குப் பிறகு என்னோட நேர கதைக்கிறியள் இல்லை. நான் ஞாயிறு சாப்பிட வந்தது, நீங்கள் கேப்பியள் எண்டு. கேக்கேல்லை."

சுவர் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனான்.

"இப்பவும் கேளுங்கோ அண்ணை. கேட்டால் சொல்லுவன். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன்."

மகேந்திரராஜா தன் நாற்பத்தொன்பது வருடத்தில் பல கேள்விகளுக்கு மறுமொழி சொல்லியிருக்கிறார். சாவடிகளில், அலுவலகங்களில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு மேசைக்கு முன்னால். தான் கேட்கிற பக்கத்தில் இருக்க, கேட்டால் சொல்வேன் என்று எதிரே ஒரு மனிதன் காத்திருந்தது இதுவே முதல்தடவை. ஒரு கை நீட்டினால் தொடும் தூரம். அந்தக் கிட்டத்தில் கேட்டால், வருகிற பதிலில் ஒரு துண்டாவது முழுதாக மிஞ்சுமா என்று அவருக்குப் பயமாக இருந்தது. அது இரத்தினசிங்கத்துக்காகப் பயந்ததா, தனக்காகப் பயந்ததா என்பதை அவர் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்தார். தனக்குச் சாதகமான விடை ஒருநாளும் வரவில்லை.

"வேண்டாம்" என்றார்.

இரத்தினசிங்கம் "சரி" என்றார். எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தார்.

மகேந்திரராஜா மேல்மாடிக்குப் போய், கம்பியூட்டரில் மூன்றாவது பந்தியை அழித்தார். அந்த இடத்தில் வேறொரு வரி எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் தான் கண்டவற்றை எழுதினார்: ஐந்து மாதமாக ஞாயிறுகளில் வருகிறார், வந்து போகிற வழியில் தனியாக இருக்கிற ஒரு வயதானவரின் புல்லைக் கேட்காமலே வெட்டிக் கொடுக்கிறார், என் வீட்டில் என்னையும் மனைவியையும்விட நிதானமானவர். வாசித்துப் பார்க்கக் கடிதம் மெலிந்திருந்தது. ஒப்பமிட்டுக் கீழே கொண்டுவந்து கொடுத்தார். இரத்தினசிங்கம் அதை மடித்துக் கம்பளிச் சட்டைக்குள் வைத்து, "போட்டு வாறன் அண்ணை" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஷெப்பர்ட்டனில் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டதாகக் கோயிலில் யாரோ நிரஞ்சினியிடம் சொன்னார்கள். பிறகு ஒருநாள் விசாரணைக்கு வந்து போனாராம். எப்படி நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மகேந்திரராஜா இரண்டு தரம் போனை எடுத்தார். எடுத்து என்ன கேட்பது? கேட்க வேண்டிய ஒரே கேள்வியை வேண்டாம் என்று சொன்னவருக்கு, சுகமா என்று கேட்பதும் வாயில் நிற்கவில்லை.

2013 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணை, கிடைச்சிட்டுது. நிரந்தர விசா."

மகேந்திரராஜா சந்தோசம் என்றார். உண்மையாகவே சந்தோசப்பட்டார். நிரஞ்சினியைக் கூப்பிட்டார்; அவள் தோட்டத்தில் இருந்தாள்.

"விசாரணையில உங்கட கடிதத்தையும் வாசிச்சவை. அந்தக் கிழவற்ர புல்லைப் பற்றிக்கூடக் கேட்டவை."

"மற்றதைக் கேட்டவையோ?" வாய் தவறி வந்துவிட்டது.

"கேட்டவை. சொன்னனான். அவை எல்லாத்தையும் கேக்கிறவை அண்ணை. கேக்கிறதுக்குத்தானே இருக்கினம்."

என்ன சொன்னார் என்று இப்போதும் கேட்டிருக்கலாம். கடிதம் போய்விட்டது, விசா வந்துவிட்டது, இனி ஒரு இடையூறும் இல்லை. நிரஞ்சினி கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்து போனுக்காகக் கையை நீட்டினாள்.

"அப்ப ஏப்ரலில காடை துடங்குது என்ன" என்றார் இரத்தினசிங்கம். "நானும் இனி லைசன்ஸ் எடுக்கலாம். வேலியடியில துவக்கை யோசிக்காமல் என்னட்டைத் தரலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அது பகிடிதானா என்று மகேந்திரராஜாவுக்குத் தெரியவில்லை. ஒண்டு, ரெண்டு என்று எண்ணுகிற அளவு நேரம் கழித்து அவரும் சிரித்தார். பிறகு போனை மனைவியிடம் கொடுத்தார்.